மீசை வழித்த மருமகனும் சாகாத அத்தானும்

திருக்கோணமலை,
1944 ஆவணி.

மகா கனம் பொருந்திய முருகேசு அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் தம்பு அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே வெருகலில் அக்காவும் தாங்களும் சுகமாகவும், தாங்கள் முக்கியமாக உயிரோடும் இருக்க முருகப்பெருமான் அருள்புரியட்டும். பதற வேண்டாம். தாங்கள் காலமாகிவிட்டதாக இங்கே ஊரெல்லாம் கதை. தாங்கள் நேரில் வந்து முகம் காட்டினால்தான் உங்கள் மகன் கதிரவேலுக்கும் என் மகள் இரத்தினேஸ்வரிக்கும் கல்யாணம் நடக்கும்.

எல்லாம் படக் கொட்டகையால் வந்த வினை. நம்முடைய காலத்துக் கூத்தில் ராசா வேசக்காரனுக்கு முன்னால் அவனுடைய மீசைதான் மேடைக்கு வரும். இப்போதைய கதாநாயகனுக்கு அது மருந்துக்கும் இல்லை. நாற்பத்தைந்து வயது மனிதன், தோளில் புரளும் சுருட்டை மயிரும் பவுடர் அப்பிய கன்னமும் தொப்பையுமாக வந்து, தான் பதினாறு வயதுக் குமரன் என்று பாடுகிறான். சனமும் நம்புகிறது. மீசையெல்லாம் வில்லனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. யுத்தகால இருட்டடிப்புக்குப் பயந்து படத்தைப் பின்னேரமே ஓட்டி முடித்துவிடுகிறார்கள். வெளிச்சத்தோடு போய் வெளிச்சத்தோடு வரும் எங்கள் பெண்களுக்கு அந்தத் தொப்பை மட்டும் ஏன் கண்ணில் படவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கதிரவேலின் மீசை தாங்கள் அறிந்ததுதான். இருபத்துநாலு வயதுப் பிள்ளைக்கு முப்பது மதிக்கலாம். அவன் வேலை செய்யும் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அவனை "ஐயா" என்று கூப்பிடுவது அந்த மீசைக்காகத்தான். பொறுப்பான பிள்ளை என்று நான் பெண் கொடுக்கச் சம்மதித்ததும் அதைப் பார்த்துத்தான். ஆனால் என் மகள் படம் பார்த்துவிட்டு வந்து, "மீசை வைச்சவனெல்லாம் பொம்பிளையளைக் கடத்துறான் ஐயா. இவரைப் பார்க்க எனக்குப் பயமாக் கிடக்கு" என்று ஒரே அழுகை. இந்தச் செய்தி அவன் காதில் விழுந்ததுதான் தாமதம், மறுநாள் மழுங்க வழித்துக்கொண்டு வந்து நிற்கிறான். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்த பொடியன் மாதிரி இருந்தது. மகள் சிரித்தாள். நானும் சரி, ஒரு மயிரோடு போயிற்று என்று நினைத்தேன்.

போகவில்லை அத்தான். தகப்பன் செத்தால் அல்லவா நம்மவர்கள் மீசை வழிப்பார்கள்! தெருவிலிருந்து திரும்பும் ஒழுங்கை முடக்கில் அவனைக் கண்ட பக்கத்து வீட்டுச் சிவபாக்கியம் அக்கா அந்த இடத்திலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு, "என்ரை முருகேசு ராசா, சொல்லாமல் கொள்ளாமல் போனீங்களோ" என்று ஒப்பாரி தொடங்கிவிட்டா. தங்களை வள்ளல் என்றா, பொறுமையின் வடிவம் என்றா. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே இது வேறு யாரோ முருகேசு என்று தோன்றியது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அயலவர்கள் சோறும் கறியுமாகக் கொண்டுவந்து எங்கள் குசினியை நிறைத்துவிட்டார்கள். தங்கள் பழைய கூட்டாளி ஸெய்னுதீன் நானா கிண்ணியாவிலிருந்து எருமைத் தயிர் கொண்டுவந்து, "நல்ல மனிசன்" என்று கண்ணைத் துடைத்தார். அளந்து தரும் கூப்பன் அரிசிக் காலம், அத்தான். வந்த சோற்றைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. சாப்பிட்டோம். அதுதான் பிழை. சாப்பிட்டதோடு தங்கள் மரணம் உறுதியாகிவிட்டது.

கிடங்கில் வெள்ளைக்காரத் துரை கதிரவேலின் கையைப் பிடித்து ஏதோ சொல்லியிருக்கிறார். இவன் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் "யெஸ் சேர்" என்றிருக்கிறான். இழவு லீவு கிடைத்துவிட்டது. இனிக் கல்யாண லீவு கேட்க எந்த முகத்தோடு போவான்? முகமும் இப்போது வேறு. இதற்குமேல் கோயில் ஐயர், "துடக்கு வீட்டிலை ஒரு வருசத்துக்குக் கலியாணம் ஏலாது" என்கிறார். ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று நான் சத்தியம் செய்தேன். "அப்ப செத்த வீட்டுச் சோத்தை ஏன் சாப்பிட்டனீங்கள்?" என்றார். கூப்பன் அரிசியின் கதையைச் சொன்னேன். கடைசியில் இரங்கி, "ஆள் இருக்கிறாரெண்டால் கொண்டுவந்து காட்டுங்கோ" என்றார். மகள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தன் நாக்கால்தான் மாமா செத்தார் என்று அவளே பாதி நம்பத் தொடங்கிவிட்டாள்.

தந்தி அடித்திருப்பேன். தந்தி என்றாலே அங்கே அக்கா தாலியைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவா என்றுதான் கடிதம். ஆகவே மூதூர் வந்து தோணியேறி, கண்டவரிடமெல்லாம் பலமாகக் கதைத்துக்கொண்டு வாருங்கள். செத்ததாகக் கதை பிறந்தால் ஆயுள் கெட்டி என்பார்கள். அந்தக் கணக்கில் தாங்கள் பேரன் பேத்தி கல்யாணமும் காண்பீர்கள். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி.

தங்கள் ஆயுளில் முன்னெப்போதையும்விட அக்கறையுள்ள,
மைத்துனன் தம்பு.

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் ஒரு சங்கதி. நேற்றுப் படம் பார்த்துவிட்டு வந்த உங்கள் தங்கச்சி, என் வீட்டுக்காரி இலட்சுமி, "அந்த மனிசனுக்கும் உங்கடை வயதுதானாம்" என்று சொல்லிவிட்டு, ஒரு பெருமூச்சும் விட்டாள். இன்று காலை நானும் வழித்துவிட்டேன். பத்து வயது குறைந்துதான் தெரிகிறது. ஆனால் சற்றுமுன் சிவபாக்கியம் அக்கா வேலிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டு, கொண்டையில் கை வைத்தா. ஆகையால் தங்களோடு இருக்கும் என் தகப்பனாரையும் கூட்டிவாருங்கள். அவர் வண்டியில் ஏறினால் தூங்கிவிடுவார். எப்படியாவது நிமிர்த்தி இருத்திக்கொண்டு வாருங்கள்.