ஆமென் ரைட்டரும் கூட்டுப் பட்டாவும்

செய்த பாவத்துக்கு நாலெல்லை குறித்துக்கொடுத்துக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர், ஆதாம் காலத்திலிருந்து தேடினாலும் ஒருவர்தான் அகப்படுவார். அவரும் திண்டிவனத்தில், எனக்கு அடுத்த மேஜையில், மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எண்பதுகளின் தொடக்கம். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேரும் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தோம். எழுதிக்கொண்டிருந்தோம் என்பது கொஞ்சம் அதிகம். அவர் எழுதினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து அப்படி. நான் எழுதின பத்திரத்தை ரிஜிஸ்தரார் படிக்கவேண்டுமென்றால் கூடவே நானும் போய் நிற்கவேண்டும். சில வரிகளில் நானும் கைவிரித்துவிடுவேன். ஆகவே அவர் ஊரில் இல்லாத நாட்களில்தான் ஜனங்களுக்கு என் முகம் தெரியும்.

அவருக்கு ஆமென் ரைட்டர் என்று பெயர். பத்திரத்தை எழுதி முடித்துப் பார்ட்டிகளுக்கு முன்னால் ராகமாகப் படிப்பார். கடைசி வரி முடிந்ததும், வாய் தன்னாலே ‘ஆமென்’ என்றுவிடும். காணையிலிருந்து கரும்பு நிலம் கிரயம் பண்ண வந்த விவசாயி, பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு, அவரும் ‘ஆமென்’ என்பார். கோட்டக்குப்பத்திலிருந்து வந்த பாய் ‘ஆமீன்’ என்பார். ஆமென் சொல்லாத பத்திரம் கோர்ட்டில் நிற்காது என்று சுற்றுப்பட்டில் ஒரு நம்பிக்கையே பரவிவிட்டது. நான் எழுதின ஒன்றிரண்டு பத்திரங்களைக்கூட அவரிடம் கொண்டுபோய், “ரைட்டரே, ஒரு ஆமென் மட்டும் போட்டுக் குடுங்க” என்று கேட்ட துரோகிகள் உண்டு.

காலையில் வந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டுக் கண்ணை மூடுவார். பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கக்கூடாது என்ற எண்ணமெல்லாம் கிடையாது.

“பிதாவே, அடியேன் நேற்றைய தினம் செய்த பாவமானது, மச்சானோட மோட்டார் சைக்கிள் மேல பட்ட பொறாமைக்குக் கிழக்கு, கோயில்ல ஆயரோட சம்சாரம் பாடும்போது காதப் பொத்திக்கினதுக்கு மேற்கு, மீன் குழம்ப மூணாந்தரம் கேட்டு வாங்கினதுக்குத் தெற்கு, பக்கத்து மேஜைக்காரன்மேல வந்த எரிச்சலுக்கு வடக்கு, இதன் மத்தியில் உள்ளது. தேவரீர் மன்னிக்கவேணும்.”

“ரைட்டரே, எல்லை நாலும் சரி. மத்தியில இன்னா இருக்குது?” என்று ஒருநாள் கேட்டேன். வடக்கு எல்லை நான்தான் என்பதால் கேட்க உரிமை இருந்தது.

“அத அவரே வந்து அளந்து பாத்துக்குவாரு. நீ உன் வேலயப் பாரு.”

எனக்குத்தான் வேலையே இல்லையே! அதனால் இன்னொன்றும் கேட்டேன். “பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரு சொல்றீங்க. அப்புறம் கடவுள் ஒருத்தர்தான்றீங்க. இது எப்படிங்க?”

பேனாவை மூடி வைத்தார். அவர் பேனாவை மூடினால் ரிஜிஸ்தராரே வெளியே வந்து எட்டிப்பார்ப்பார்.

“கூட்டுப் பட்டாப்பா. நிலம் ஒண்ணு, பேரு மூணு. பாகம் பிரிக்கல, பிரிக்கவும் முடியாது. மூணு பேருக்குமே முழு நிலமும் சொந்தம்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்களுக்கும்தான் மூணு இருக்குது. மண்டகப்பட்டு குகைக் கோயில்ல பாருங்க, பிரம்மா, சிவன், விஷ்ணு, மூணு பேருக்கும் மூணு அறை.”

“தனித்தனி அறைன்னா பாகப்பிரிவினை ஆயிட்டுதுன்னு அர்த்தம். எங்களுது பிரியாத சொத்து” என்று முடித்துவிட்டார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கூட்டுப் பட்டாவே அவர் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

விழுப்புரத்தில் ஒரு எழுப்புதல் கூட்டம். பெரிய பந்தல். வாய்யா என்று என்னையும் கூட்டிப்போனார். கடைசியில் சுண்டல் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனேன். அது எங்கள் கோயில் வழக்கம் என்பது உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு அம்மா. ஜெபம் உச்சத்துக்குப் போனபோது கண்ணை மூடி, இரண்டு கையையும் மேலே தூக்கி, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் பேச ஆரம்பித்தார். ஆவியானவர் இறங்கினால் அப்படி வருமாம். எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்துப் பந்தலுக்குள் ஒரு வெள்ளாடு நுழைந்தது. அந்த அம்மாவின் பையில் செடியோடு பிடுங்கின மல்லாட்டை, வேர்க்கடலைதான். ஆடு பையில் தலையை விட்டது. அம்மா கண் திறக்கவில்லை, கை இறக்கவில்லை, பாஷையில் ஒரு எழுத்து குறையவில்லை. காலை மட்டும் பின்னால் நீட்டி ஆட்டுக்கு ஒரு உதை விட்டார்.

ரைட்டர் சிரித்துவிட்டார். சாதாரணச் சிரிப்பா? மைக்கையும் மீறிக் கேட்டது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். ரைட்டர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் அவருடைய சபை ஆயர், சின்ன வயசுக்காரர், பிரசங்கத்தில் ஒரு விஷயம் சொன்னார். எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, பரிசுத்த ஆவியானவரைத் தூஷித்தால் மட்டும் கிடையாது என்று வேதத்தில் இருக்கிறதாம். வேறு யாருக்கோ சொன்னார். போய்த் தைத்தது இவருக்கு.

திங்கட்கிழமை மேஜைக்கு வந்தார், துடைக்கவில்லை. கண்ணை மூடவில்லை.

“நான் தொலைஞ்சேம்ப்பா” என்றார்.

“ஆட்டப் பாத்துதான சிரிச்சீங்க? ஆவியப் பாத்தா சிரிச்சீங்க?”

“ஆட்டப் பாத்துன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியுமா? அந்த அம்மா பேசிக்கினு உதைச்சதுக்குத்தான சிரிச்சேன். பேசாம உதைச்சிருந்தா சிரிச்சிருப்பேனா?”

“சரி, மீதி ரெண்டு பேருகிட்ட கேட்டுப் பாருங்களேன்.”

“கூட்டுப் பட்டாவுல ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டு ஒருத்தர் போடலன்னா பத்திரம் செல்லுமா? நீயும் ஒரு ரைட்டரா?”

அந்தக் கேள்விக்கு ஊரே ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தது.

அதற்கப்புறம் கோயிலில் திருவிருந்துக்கு, அப்பமும் ரசமும் வாங்க, எல்லோரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்திரம் படித்து முடித்தால் ஆமென் வருவதில்லை. பார்ட்டிகள் பேஜாராகிப்போய், “இன்னா ரைட்டரே, பத்திரத்துல ஏதாச்சும் வில்லங்கமா?” என்று பயந்தார்கள். வேறு வழியில்லாமல் நான் அந்தப் பக்கத்திலிருந்து ‘ஆமென்’ என்று குரல் கொடுத்துப் பார்த்தேன். ஒருத்தரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆயர் தேடி வந்தார். நல்ல மனுஷர். “கூட்டுப் பட்டா இல்ல ரைட்டர். சூரியன நினைச்சுக்குங்க. சூரியன், அதோட வெளிச்சம், அதோட சூடு. மூணும் ஒண்ணுதான?”

“சூட்டுகிட்ட எப்படிங்க ஐயா மன்னிப்புக் கேக்கறது?” என்றார் இவர். ஆயர் அன்றைக்குத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி வெச்சுக்குங்க. ஸ்டேஷன் ஒண்ணு, லைன் பல...” என்று ஆரம்பித்தேன்.

“அங்கிருந்து அஞ்சு பக்கம் லைன் போவுது. மீதி ரெண்டு பேரு யாரு?”

அவருடைய சம்சாரம் ஒருநாள் கொட்டகைக்கே வந்துவிட்டார். ரைட்டர் டீ குடிக்கப் போயிருந்த நேரம். “தம்பி, சாப்பாடு எறங்கமாட்டேன்குது அவருக்கு. பரலோகத்துல எனக்கும் புள்ளைங்களுக்கும் எடம் இருக்குதாம். அவருக்கு மட்டும் கெடையாதாம். வாசல் வரைக்கும் வந்து விட்டுட்டுப் போறேன்றாரு. பஸ் ஏத்திவிடறாப்பல சொல்றாரு தம்பி” என்றார். சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். சொல்லி முடிக்கையில் முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது.

அன்று சாயந்தரம் துணிந்து சொன்னேன். “ரைட்டரே, அந்த அம்மாவையே பாத்து மன்னிப்புக் கேட்டுட்டா?”

“அந்தம்மா பார்ட்டி இல்லப்பா. சாட்சி.”

“சாட்சி கையெழுத்து இல்லாம நீங்க என்னைக்காவது பத்திரம் பதிஞ்சிருக்கீங்களா?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் பழக்கத்தில் தொழில் விஷயமாக நான் சொல்லி அவர் ஒத்துக்கொண்ட பாயிண்ட் அது ஒன்றுதான்.

மறுநாள் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம். கூட்டம் நடத்தியவர்களிடம் விசாரித்ததில், ஆட்டை உதைத்தவர் என்றதுமே அடையாளம் சொல்லிவிட்டார்கள். ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் தையல் கடை. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். நல்ல ஆகிருதி. ஆட்டுக்காக மனசு இளகியது.

ரைட்டர் கைகூப்பி, கூட்டத்தில் சிரித்தது தான்தான் என்று சொன்னார். மிஷின் நின்றது.

“அந்தக் குதிரை கனைச்சாப்பல சிரிச்சது நீதானா?”

“நான்தாம்மா.”

“இம்மாம் பெரிய மனுஷன், வெக்கமா இல்ல? சரி, வந்துட்ட. முழங்கால் போடு. ஜெபம் பண்ணலாம். ஏம்ப்பா, நீயும்தான்.”

நான் மதம் சொல்லித் தப்பிக்கலாமா என்று யோசித்தேன். ஆட்டை உதைத்த அந்த அம்மாவின் காலைப் பார்த்தேன். முழங்கால் போட்டேன். வெட்டுத்துணி, ஊக்கு, பித்தான் எல்லாவற்றுக்கும் நடுவில் மூன்று பேரும். எனக்கு வாய்த்த இடத்தில் ஊக்கு கொஞ்சம் ஜாஸ்தி.

அந்த அம்மா தமிழில் ஆரம்பித்தார். இந்த மகனை மன்னியும் என்றார். கொஞ்ச நேரத்தில் குரல் ஏறியது, கை மேலே போனது, அந்நிய பாஷை வந்துவிட்டது. ரைட்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் வாசலில் ஒரு பெண் வந்து நின்று, “அக்கா, ஜாக்கெட் ஆச்சா?” என்றாள்.

பாஷை நிற்கவில்லை. கண் திறக்கவில்லை. மேலே தூக்கின கையில் ஒன்று மட்டும் வாசல் பக்கம் திரும்பி, நான்கு விரலைக் காட்டியது. நாலு மணிக்கு வா.

சத்தம் கேட்டதும் ரைட்டர் கண்ணைத் திறந்துவிட்டார் போலிருக்கிறது. அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. மூக்கு வழியாக விசில் மாதிரி ஒன்று வந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். இந்த மனுஷன் இப்போது சிரித்தால் இனி எந்த ஜென்மத்திலும் சாப்பிடமாட்டார்.

ஜெபம் நின்றது. “இன்னாத்துக்கு இப்படி நடுங்கற? ஆவியில நெறயிறியா?”

பொய் சொல்லித் தப்பிக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ரைட்டர் முகமெல்லாம் வியர்வை. கண்ணில் தண்ணீர்.

“இல்லம்மா. சிரிப்பு வருது. அடக்கி அடக்கிப் பாக்கறேன், வருது. நான் இன்னா பண்ணுவேன்?” என்று குழந்தை மாதிரி அழுதார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். இன்னும் மடக்காமல் நீட்டிக்கொண்டிருந்த தன் நான்கு விரலைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, மிஷின் மேலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. ரைட்டர் அழுகையை விட்டுக் கனைத்தார். நானும் சேர்ந்துகொண்டேன். அந்த அம்மா அடக்கினால் இவர் ஆரம்பிக்கிறார், இவர் நிறுத்தினால் அவர் ஆரம்பிக்கிறார். எது யாருடைய சிரிப்பு என்று தெரியாமல் வெகுநேரம் சிரித்தோம். வாசல் பெண் நாலு மணிக்குக்கூட வரவேண்டாம் என்று போயிருப்பாள்.

“ஏம்மா, மன்னிப்பாரா?” என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார் ரைட்டர்.

“எனக்கு இன்னா தெரியும்? நான் ஜாக்கெட் தைக்கிறவ. ஆனா எம்மேல ஆவியானவரு இருக்கும்போதுதான எனக்கும் சிரிப்பு வந்துது. போ, போய் சோறு துன்னு.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு டிக்கெட்டை நாலாக மடித்தார். பிறகு, “சிரிச்சது எத்தினி பேரு?” என்றார்.

“மூணு பேரு.”

“சிரிப்பு எத்தினி?”

நான் ஒரு விரலைக் காட்டினேன். “ஒண்ணுதாங்க.”

“ஹும்” என்றார். பிறகு, “ஆயரு காதுல போட்டுடாத. இதுவும் எங்கயாவது தப்பாத்தான் இருக்கும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவருடைய சபைக் கோயில் வெளிச்சுவர் ஓரமாக நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருவிருந்துக்கு ஜனங்கள் எழுந்தார்கள். அவர் உட்கார்ந்தே இருந்தார். சம்சாரம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து, வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு, வரிசையில் கடைசி ஆளாகப் போய் முழங்கால் போட்டார்.

வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். “மூணு பேருகிட்டயும் கேட்டீங்களா? சம்மதமாமா?”

சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“கேக்க மறந்துட்டேம்ப்பா. அங்க போனதும் சந்தோஷமா இருந்துது. அதுலயே வந்துட்டேன்.”

சைக்கிளை என் பக்கம் சாய்த்து, “இத நீ தள்ளிக்கினு வா. எனக்குக் கை வீசி நடக்கணும் போல இருக்குது” என்றார். சம்சாரமும் பிள்ளைகளும் முன்னால் போக, அவர் கையை வீசிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். என் வீடு வந்தது, தாண்டிப் போனேன். அவர் வீடு இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம்.