பூசைக்கு வைத்த சுவர்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் அறநூல்களைப் பயிற்றுவித்த ஒருவன், ஓர் ஈரச்சுவரை மறைப்பதற்குக் கலைமகளைத் துணைக்கு அழைத்தான். இதை நான் எழுதாவிடில் என் மனைவி மீனாட்சி எழுதிவிடுவாள். ஆகவே நானே எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் வீடு. படுக்கையறையும் குளியலறையும் மாடியில். ஏறுவதற்கு ஏணியை ஒத்த மரப்படிகள். மீனாட்சியின் முழங்கால்கள் அப்படிகளோடு பிணங்கிய ஆண்டில், வீட்டை விற்றுவிட்டு மின்தூக்கியுள்ள அடுக்ககத்திற்குக் குடிபெயர முடிவு செய்தோம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த சுகுமாரன் என்பவர், மகாநவமியன்று வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

கதவுகளுக்கு எண்ணெய் பூசினோம்; வெள்ளையடித்தோம். கூடத்தின் மேற்குச் சுவர் மட்டும் இணங்கவில்லை. மழைக்காலம் முழுவதும் நீர் குடித்த அச்சுவரில், சுண்ணாம்பு பூசிய மறுநாளே கறை மீண்டும் மலர்ந்தது.

துர்க்காஷ்டமி மாலை எனக்கு அந்த யோசனை உதித்தது. அன்று பூசைக்கு வைத்த நூல்களை விசயதசமிக் காலைவரை எங்கள் ஊரில் எவரும் தொடார். என் நூல்கள் அனைத்தையும் சுவரோரம் மதிலென அடுக்கி, கைக்குக் கிடைத்த பட்டுப் புடவையைப் போர்த்தி விளக்கேற்றினேன். (அது அவளுடைய கூறைப்புடவையாம். அது தனி வழக்கு.)

"எல்லா வருஷமும் நாலு புஸ்தகம்தானே வைப்பேள்?" என்றாள் மீனாட்சி.

"பக்தி கூடியிருக்கு."

"பக்தியா, ஈரமா? சுவரைச் சொல்லிடுங்கோ. என் முட்டிக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்."

சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மாடியேறினாள். அந்த ஓசையே எனக்குப் போதிய நியாயமாகத் தோன்றியது.

சுகுமாரன் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் வந்தார். வீடு பிடித்துவிட்டது. நூற்குவியலைக் கண்டதும் கைகூப்பி நின்றார். நான் மரபின் மேன்மையை விரித்துரைத்தேன். (வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.)

"சார், நாளைக்கு மோளை எழுத்துக்கு இருத்தணும், முதலெழுத்து எழுத வைக்கணும். கோயில்ல பயங்கர கூட்டமாக்கும். இத்தனை புஸ்தகத்துக்கு முன்னால, சார் கையாலேயே நடக்கட்டும். அது கழிஞ்சு வீட்டுக் காரியம் பேசி முடிக்கலாம்" என்றார்.

மறுக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. நான் சொன்னதோ "ஆகட்டும்".

விசயதசமிக் காலையில் குழந்தையை மடியிலிருத்தி, அவள் விரல் பற்றி அரிசியில் முதலெழுத்தை எழுதுவித்தேன். பூசை நிறைவுற்றதும் நான் தடுக்குமுன் சுகுமாரன் புடவையை விலக்கி, பயபக்தியோடு நூல்களை இறக்கலானார். அடிவரிசை சுவரோடு ஒட்டியிருந்தது. அவர் இழுத்த பேரகராதி, சுவரில் ஒரு சாண் அளவைத் தன்னுடன் கொண்டுவந்தது.

அரிசித் தட்டினும் அகன்ற பரப்பைக் கண்ட குழந்தை எழுந்து சென்று, கற்ற எழுத்தைச் சுவரில் விரலால் எழுதினாள். காரை உதிர்ந்து, எழுத்துத் திருத்தமாகப் பதிந்தது. அத்துணை விரைவில் தேறிய மாணவர் எனக்கு வேறெவரும் இல்லை.

"சுவர் நனையறது குத்தமில்லை சார். ஆனா, மறைக்கறதுக்கு சரஸ்வதியையா நிறுத்தணும்?" என்று தணிந்த குரலில் கேட்டார் சுகுமாரன். பிறகு, ஆசிரியனுக்குரிய வெற்றிலையும் தட்சிணையும் என் கையில் வைத்து, காலைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன்.

மறு ஆண்டு, சுவரை முதலில் காட்டி, வேறொருவருக்கு வீட்டை விற்றோம். இடைப்பட்ட காலமெல்லாம் வலி குறைந்துவிட்டதென்றே மீனாட்சி சொல்லி வந்தாள். நானும் நம்பினேன். இன்று எங்கள் குடும்பத்தில் எவர் எதை ஒளித்தாலும், "பூஜைக்கு வச்சாச்சா?" என்றே கேட்கிறார்கள். அவ்வழக்கைத் தொடங்கி வைத்தவள் அவளே.

அடுக்ககத்திற்கு வந்தபின் அவள் முழங்காலின் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், இவ்வளவு வலியை ஓராண்டு எப்படிச் சொல்லாமல் இருந்தீர்கள் என்று வியந்தார்.

"இவர் சுவரை பூஜைக்கு வச்சார், டாக்டர். நான் முட்டியை வச்சேன்" என்றாள்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.