பீவர் இல்லாத சகவாழ்வு

மனிதரும், மரத்தைக் கடித்து ஆற்றில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கும் இணைந்து வாழ வேண்டும் என்று பால்னாகிர் ஊர்க் கூடத்தில் தீர்மானம் வந்தபோது முதலில் கை தூக்கியவள் எல்ஸ்பெத். பீவர்களைக் கொண்டுவந்து விடப்போவது ஆற்றின் கீழ்ப்பக்கம், அவள் கொழுந்தன் டூகலின் நிலத்தில் என்றுதான் அப்போது பேச்சு. வாயில்லா ஜீவன்கள்மேல் அவளுக்கு அவ்வளவு கருணை.

பீவர்களுக்குத் தீர்மானம் படிக்கத் தெரியாது. ஆற்றை எதிர்த்து நீந்தி மேலே வந்து, எல்ஸ்பெத்தின் ஓடைக்கரை மரங்களைக் கடித்துச் சாய்த்து, சேறு பூசி அணை கட்டிவிட்டன. உருளைக்கிழங்கு வயல் ஏரியாயிற்று. அந்த வயலை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

சகவாழ்வு அலுவலர் ஃபார்குவர் நேரில் வந்து பார்வையிட்டு அருளினார். சட்டையில் பீவர் படம் போட்ட வில்லை. பின்னாலேயே எடின்பரோவிலிருந்து ஒரு ரசிகர் கூட்டம். அந்த வருஷம் பீவர் வில்லை குத்தாமல் விருந்துக்குப் போனால் அங்கே மரியாதை இல்லை.

"என் கிழங்கெல்லாம் அழுகுது சார்."

"கிழங்குன்னு பாக்காதீங்கம்மா. ஈரநிலம்னு பாருங்க."

"அணையக் கொஞ்சம் பிரிச்சு விடவா?"

"ஐயையோ! அது அவங்க குடியிருக்கிற இடம். அடுத்தவங்க வீட்டைப் பிரிப்பாங்களா?"

"என் வீட்டு அடுப்படிக்கே தண்ணி வந்துடுச்சே?"

"பாத்தீங்களா! உங்களை அவங்க அந்நியமாவே நினைக்கல."

ரசிகர்கள் கரையில் கூடாரம் அடித்தார்கள். பீவர்களை வரவேற்று, காதைப் பிளக்கும் பேக்பைப் வாத்தியம் ஊதினார்கள். பீவர்கள் எவ்வளவோ பொறுத்துப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு இடத்தைக் காலி செய்தன.

கவனிக்க ஆளில்லாமல் அணை ஒழுகத் தொடங்கியது. எல்ஸ்பெத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், ஃபார்குவர் தலைமையில் ரசிகர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று சேறு அப்பி ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பீவரே இல்லையே சார். யாரோட சகவாழ்வு?"

"இப்பத்தாம்மா ஒரு தகராறும் இல்லாம நடக்குது. மேலிடத்துல ரொம்பப் பாராட்டினாங்க."

"என் வயலு?"

"அவங்க வேற எங்கயாவது குடியேறிட்டாங்கன்னு ஊர்ஜிதமானா உடனே திருப்பித் தந்துடுவோம்."

எல்ஸ்பெத் தேடிக்கொண்டு கிளம்பினாள். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. டூகல் வீட்டுக் கொல்லையில், புதர் மறைவில், புதிதாக ஓர் அணை. டூகல் அதில் ஒரு குழாயைச் சொருகி, தண்ணீர் வயலில் ஏறாமல் வடியவிட்டிருந்தான். பீவர்களும் அதை ஆட்சேபிக்கவில்லை.

"அதுக பாட்டுக்கு இருக்குது, நான் பாட்டுக்கு இருக்கேன். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க அண்ணி. உங்க கால்ல வேணா விழறேன்."

"சேச்சே, நான் ஏம்ப்பா சொல்லப்போறேன்?"

வீடு போய்ச் சேருவதற்குள் ஃபார்குவரிடம் சொல்லிவிட்டாள்.

கூடாரமும் பேக்பைப்பும் 'மனிதரும் பீவரும் இணைந்து வாழும் இடம்' என்ற அறிவிப்புப் பலகையும் டூகல் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தன. சகவாழ்வுக்கு ஊறு விளைவிப்பதாகச் சொல்லி, முதல் காரியமாக அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்தார்கள். ஊதல் சத்தம் கேட்டதுமே பீவர்கள் கிளம்பிவிட்டன. அதை யாரும் கவனிக்கவில்லை.

எல்ஸ்பெத்தின் வயல் வடிந்தது. டூகல் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அண்ணியை நிமிர்ந்து பார்த்தான். அவள் கரையில், ரசிகர்களோடு ரசிகராக, புத்தம் புது வில்லை குத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"கிழங்குன்னு பாக்காத டூகல்," என்றாள். "ஈரநிலம்னு பாரு."