ரேடியோவுக்கு இரண்டு மார்க்

பள்ளிக்கூடத்திலேயே அதிகம் பேசுகிற பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். தன்னம்பிக்கை விருதுத் திட்டம் தொடங்கி மூன்றே வாரத்தில்.

ஏழாம் வகுப்பு. எல்லோரும் ரேடியோ என்பார்கள். அவள் வகுப்பு ஜன்னலில் இருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரியும். மோட்டார் சுவிட்சோ கேட் பக்கத்தில், வாட்ச்மேன் அறையில். அங்கிருந்து தொட்டி தெரியாது. கட்டியவர்களின் திறமை அப்படி. தொட்டி வழியத் தொடங்கியதும் ரேடியோ ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, ரொம்பிடுச்சு!" என்று ஒரு கத்து கத்துவாள். மோட்டார் நிற்கும். கணக்குப் பாடமும் அரை நிமிடம் நிற்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து திட்டம் வந்து சேர்ந்தது: "இளையோர் உள்ளங்களில் தன்னம்பிக்கைச் சுடர் ஏற்றுதல்." ஓவிய வாத்தியாரை ஒருங்கிணைப்பாளராக நியமித்தார்கள். அவருக்குத் தன்னம்பிக்கை அதிகம் என்பதால் அல்ல. காலிப் பீரியட் அதிகம் என்பதால். வேலை வேறு இன்னும் நிரந்தரமாகவில்லை. மறுக்க மாட்டார்.

விதி எளிது. தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் நம்பிக்கையையும் பத்துக்கு அளக்க வேண்டும். முடிவில் அதிகாரி நேரில் வந்து அளப்பார். ஒவ்வொருவரும் எட்டு மார்க் வளர்ந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை தவறினாலும் பள்ளிக்கு விருது கிடையாது.

பிள்ளைகள் விவரமானவர்கள். "எனக்கு எல்லாமே பயம்" என்ற கட்டத்தில் கொஞ்சமும் பயப்படாமல் டிக் அடித்தார்கள். ரேடியோ மட்டும் உண்மையை எழுதித் தொலைத்தாள். பத்துக்குப் பத்து.

தலைமையாசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன சார் இது? பத்துக்கு மேல எங்க சார் வளர்றது?"

"வளர வேண்டிய அவசியமே இல்லையே சார்..."

"அவளுக்கு இல்ல. நமக்கு இருக்கு. தொடக்க மார்க்கை அனுப்ப இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள இரண்டுக்குக் கொண்டு வாங்க."

"எப்படி சார்?"

"வாத்தியாரா இருந்துக்கிட்டு இதைப் போய்க் கேக்கறீங்களே!"

ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை போயிற்று. மேற்படி மாணவி கையைத் தூக்கினால் பார்க்கலாகாது. பதில் சொன்னால் லேசாகச் சிரிக்க வேண்டும். ஜன்னலோர இருக்கையை மாற்ற வேண்டும். எல்லோரும் செவ்வனே செய்தார்கள். பயிற்சியே தேவைப்படவில்லை.

முதல் வாரம் ஏழு. இரண்டாம் வாரம் நான்கு. மூன்றாம் வாரம் இரண்டு. ஓவிய வாத்தியார் மார்க்கை எழுதும்போது ரேடியோ அவரைப் பார்க்கவில்லை. மேசைக் காலைப் பார்த்தாள். இருந்தாலும் எழுதினார். அழகான கையெழுத்து.

"பிரமாதம்!" என்றார் தலைமையாசிரியர். "இனிமே ஏத்துங்க."

ஏறவில்லை. மேலும் மூன்று வாரம் தினம் கைதட்டினார்கள். "உன்னால் முடியும்" என்று நோட்டில் நட்சத்திரம் ஒட்டினார்கள். யாராவது கைதட்டினால் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். வீட்டிலும் பேச்சில்லை என்று அவள் அம்மா வந்து அழுதுவிட்டுப் போனாள். அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

விருது நாள் வந்தது. எதிர்க் கட்டடத்தின் அடியில் மேடை. அறுபது பிள்ளைகள் மார்பில் தங்கப் பேட்ஜ். முன்வரிசை ஓரத்தில் ரேடியோ; கேட்டிலிருந்து பார்த்தால் மேடை தெரியாது, அந்த ஓரம் மட்டும் தெரியும். வாட்ச்மேன் அதிகாரிக்கு சல்யூட் அடிக்க கேட்டிலேயே நிற்க வேண்டும் என்று உத்தரவு. காலையில் போட்ட மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி துணிவைப் பற்றிப் பேசினார், தாளைப் பார்த்து. மூன்றாம் பக்கத்தில் அவர் வழுக்கையில் முதல் சொட்டு விழுந்தது. பிறகு ஒரு கயிறு கனத்துக்குக் கொட்டியது. அதிகாரி நிறுத்தவில்லை; தலைமையாசிரியர் எதுவும் சொல்லாததால் இதுவும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதென்று நினைத்தார். தலைமையாசிரியர் சொல்லவில்லை, அதிகாரியே சும்மா இருக்கும்போது இவர் யார் சொல்ல? அறுபது தங்கப் பேட்ஜும் வாயைத் திறக்கவில்லை. ஓவிய வாத்தியார்தான் முதலில் பார்த்தவர். சட்டையெல்லாம் நனைந்தபடி கைதட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது கேட்டில் இருந்து ஒரு குரல்.

"ஏ ரேடியோ! நீ லீவுன்னு நெனச்சு ஒன்றரை மாசமா மாடி ஏறி எறங்கி என் முட்டி தேஞ்சு போச்சு! இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கியா? தொட்டி ரொம்பிச்சா இல்லையா, சொல்லித் தொலை!"

அவளிடம் ஒருவர் நிஜமாகவே ஒரு விஷயம் கேட்டு ஒன்றரை மாதமாகியிருந்தது. ரேடியோ எழுந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"ரொம்பி அரைமணி நேரமாச்சு! அதிகாரி ஊறிப்போயிட்டாரு! நான் லீவுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? நிறுத்துங்கண்ணே!"

மோட்டார் நின்றது.

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு அளந்தார். "இரண்டிலிருந்து பத்து! ஒரே நிமிஷத்தில்! அற்புதம்!" பள்ளிக்கு விருது கிடைத்தது. அடுத்த வாரமே எல்லாப் பள்ளிகளுக்கும் உத்தரவு பறந்தது: மேடைகளைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே அமைக்கவும்; பத்து வாங்கும் பிள்ளைகளை முதலில் இரண்டுக்குக் கொண்டுவரவும்.

இறுதி அறிக்கையில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது. "வளர்ச்சிக்குக் காரணமானவர்."

"என் பேரைப் போடுங்க," என்றார் தலைமையாசிரியர்.

ஓவிய வாத்தியார் வெகுநேரம் யோசித்தார். ஜன்னலுக்கு வெளியே ரேடியோவின் சத்தம் காதைப் பிளந்தது. வேலை நிரந்தரமாகும் உத்தரவு மேசையில் இருந்தது. கடைசியில் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு உண்மையையே எழுதினார். பென்சிலில்தான் எழுதினார்:

வாட்ச்மேன்.