டூட்டி அண்ணனின் மூன்று ஷிப்டு

அந்தக் காலத்து மதுரையில் எத்தனையோ மில்கள் இருந்தன. ஆனால் மூன்று ஷிப்டையும் ஒரே ஆள் பார்த்த மில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் சந்தில் இருந்த டூட்டி அண்ணன் வீடு. அங்கே இயந்திரம் எதுவும் கிடையாது. ஒரு கயிற்றுக் கட்டில், அதில் கையும் காலும் விளங்காமல் படுத்திருந்த அவர் மனைவி, அவ்வளவுதான்.

பிள்ளைகளா, நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இல்லாததைக் கட்டிச் சொல்லுமளவு படிப்பில்லை. அப்போது அவர் வீட்டுக்கு நேர் எதிரே சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். பஞ்சர் ஒட்டியது போக மிச்ச நேரமெல்லாம் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

அவர் நிஜமாகவே மில்லில் இருந்தவர். அவர் மனைவிக்கு, நாங்கள் அக்கா என்போம், ஒரு நாள் பக்கவாதம் வந்தது. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்று மில் வேலையை விட்டுவிட்டார். காக்கிச் சட்டையை மட்டும் விடவில்லை. அதில் போட்ட ஒட்டுகளை எல்லாம் பிரித்தால் இன்னொரு சட்டை தைக்கலாம். கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பேப்பரில் கடைகளுக்குக் கவர் ஒட்டுவார். டீ குடிக்கக் கூப்பிட்டால், "டூட்டியில இருக்கேன் தம்பி" என்பார். அப்படித்தான் அந்தப் பேர் வந்தது. சொந்தப் பேர் என்னவென்று கேட்காதீர்கள், சந்தில் யாருக்கும் தெரியாது.

மில் சங்கு ஊதினால் வேடிக்கை தொடங்கும். மத்தியானம் மூன்று மணிச் சங்குக்கு டூட்டி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன் புள்ள, என் ஷிப்டு முடிஞ்சுச்சு" என்று முன்வாசல் வழியாக வெளியே வருவார். வீட்டை ஒட்டி ஒரு ஆள் நுழையுமளவு முடுக்கு உண்டு. அதற்குள் நுழைந்து, பின்வாசல் வழியாக வேறு ஆளாக வீட்டுக்குள் போவார்.

"என்ன புள்ள, முந்தின ஷிப்டுக்காரன் ஒழுங்காப் பாத்தானா?"

"அந்தாளு ஆகாதுங்க. கஞ்சியில உப்பை அம்புட்டையும் கொட்டிட்டாரு. தலை சீவச் சொன்னா கயிறு திரிக்கிறாரு."

"இரு, மேஸ்திரிகிட்டச் சொல்லி அவனுக்கு மெமோ குடுக்கச் சொல்றேன்."

படுத்த படுக்கையாக இருந்த அந்த அக்கா, புருஷன் மேல் இருந்த குறைகளையெல்லாம் புருஷனிடமே சொல்லித் தீர்த்துக்கொண்டார். அவரும் கோபப்படாமல் கேட்டு, ராத்திரிக் கஞ்சிக்கு உப்பைக் குறைத்துவிடுவார். இராத்திரி ஷிப்டுக்காரர் எப்படி என்று நான் ஒருமுறை கேட்டேன். "அவரு ரொம்ப நல்ல மனுசன் தம்பி. சத்தமே போட மாட்டாரு" என்றார் அக்கா.

எல்லாம் சிரிப்பாக இருந்தாலும், கவர் ஒட்டுகிற காசு மருந்துக்கே பத்தவில்லை. அக்காவின் அண்ணன் டி. கல்லுப்பட்டியில் விவசாயம் பார்த்தார். கல்லுப்பட்டி மச்சான் என்றுதான் சந்தே கூப்பிடும். அவர் வந்து, தங்கச்சியை ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று நின்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் அக்காவுக்குப் போக இஷ்டமில்லை. டூட்டி அண்ணனோ அன்றைக்கு ஒட்டிய கவர்களையெல்லாம் தலைகீழாக ஒட்டினார்.

கை கால் விளங்காதவர்களுக்கு அரசாங்கம் தருகிற பணத்தைக் கேட்டுப் பார்த்தார்கள். சம்பாதிக்கிற வயதில் புருஷன் இருக்கிறானே, கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் கைவிட்டுவிட்டுப் போன பெண்களுக்கு மாதாமாதம் பணம் தருகிற திட்டம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. கல்லுப்பட்டி மச்சான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மாப்ள, நீங்க ஓடிப் போயிருங்க."

"எங்க மச்சான் ஓடுறது?"

"எங்கயாச்சும். விசாரிக்க வர்ற ஆபீசர் போற வரைக்கும். பணம் வந்துச்சுன்னா தங்கச்சி இங்கயே இருக்கட்டும். இல்லாட்டி நான் கார் பிடிச்சு ஊருக்குக் கூட்டிப் போயிருவேன்."

அது சரியான காரியமில்லை என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் சந்து மொத்தமும் சேர்ந்து டூட்டி அண்ணனை ஓட வைத்தது. அவர் ஓடி வந்து சேர்ந்த இடம் என் சைக்கிள் கடை. டயர்களுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். கல்லுப்பட்டி மச்சான் ஏற்பாடு செய்த வாடகைக் கார் சந்து முனையில் நின்றது.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன வருவாய் ஆய்வாளர், அரசாங்க வழக்கப்படி மூன்று அடிக்கச் சற்று முன்னால் வந்தார். அதற்குள் டூட்டி அண்ணன் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மச்சானிடம் தலையணையை இடது பக்கம் நகர்த்தச் சொல்லு என்பார். ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவேன். தண்ணீரை ஸ்பூனில் கொடுக்கச் சொல்லு என்பார். திரும்ப ஓடுவேன். பெண்டாட்டியைக் கைவிட்டவர் அவர், ஓட்டமெல்லாம் எனக்கு. அங்கே கல்லுப்பட்டி மச்சான் தங்கச்சிக்குத் தலை சீவிவிட்டிருந்தார். வைக்கோல் போர் சரிந்தது மாதிரி இருந்தது.

ஆய்வாளர் சிரிக்கத் தெரியாத மனிதர். உள்ளே நுழைந்து, புருஷன் எங்கே என்று கேட்டார். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"ஓடிப் போயிட்டான் சார். கல்நெஞ்சுக்காரப் பய" என்று கல்லுப்பட்டி மச்சான் துண்டால் கண்ணைத் துடைத்தார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மூன்று மணிச் சங்கு ஊதியது.

திரும்பிப் பார்த்தால் கடையில் முக்காலி காலி. டூட்டி அண்ணனின் கால்கள் அவரைக் கேட்காமலே முடுக்குக்குள் நுழைந்திருக்கின்றன. பின்வாசல் திறந்தது.

"என்ன புள்ள, முந்தின ஷிப்டுக்காரன் ஒழுங்காப் பாத்தானா?"

கேட்ட பிறகுதான் ஆய்வாளரைப் பார்த்தார். பார்த்ததும் காக்கிச் சட்டைக்குள் பாதியாகிவிட்டார்.

"இது யாரும்மா?" என்றார் ஆய்வாளர்.

அக்கா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "இவரு ரெண்டாவது ஷிப்டுங்க சார். ஓடிப் போனது காலை ஷிப்டு."

சன்னலில் நின்ற சந்து மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டது. டூட்டி அண்ணன்தான் தலையை ஆட்டினார்.

"பொய் வேணாம் புள்ள. நாந்தான் சார் இவ புருஷன். ஓடிப் போகச் சொன்னாக. எதுத்த கடை வரைக்குந்தான் போக முடிஞ்சுச்சு."

ஆய்வாளர் பேனாவை மூடினார். ஆள் கூட இருக்கும்போது கொடுக்க முடியாது, சட்டம் அப்படி என்றார். திட்டவில்லை.

"சரிங்க சார்" என்றார் டூட்டி அண்ணன். "ஓடிப் போனாக் குடுப்பீக, கூட இருந்தாக் கிடையாது. கூட இருக்குறவனுக்குன்னு என்னைக்காச்சும் ஒரு சட்டம் வந்தாச் சொல்லி அனுப்புங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அதைக் கேலியாகச் சொல்லவில்லை. முகவரி சொல்வது போலத்தான் சொன்னார். சொன்ன கையோடு, "சார், கட்டிலை அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. இவ மேல வெயில் விழுகுது" என்றார். ஆய்வாளர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலைப் பிடித்தார். நிழலில் இறக்கி வைத்துவிட்டு, வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"ராத்திரி ஷிப்டு யாரும்மா?"

"அவரு ரொம்ப நல்ல மனுசன் சார். சத்தமே போட மாட்டாரு."

அப்போதுதான் அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்று தெரிந்தது.

பணம் வரவில்லை. கல்லுப்பட்டி மச்சான் சந்து முனைக்குப் போய்க் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார். "மாப்ள, தங்கச்சி இங்கயே இருக்கட்டும். அரிசி, பருப்பு என் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை ஷிப்டும் என்னுது" என்றார்.

"ஐயய்யோ, தலையை மட்டும் சீவிவிட வேணாம்ணே" என்றார் அக்கா.

சொன்னபடியே பஸ்ஸில் மூட்டை வந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானும் வந்தார். டூட்டி அண்ணனுக்கு வார லீவு கிடைத்தது. அந்த லீவு நாள் முழுக்க என் கடை முக்காலியில் உட்கார்ந்து, அவர் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இப்போது அரசாங்கம் ஏதோ உதவி தருகிறதாம், பேப்பரில் படித்தேன். யாராவது அந்தச் சந்துக்குப் போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் அந்த ஊரை விட்டு வந்து வெகுகாலமாகிவிட்டது. அந்தச் சங்கும் இப்போது ஊதுவதில்லை என்கிறார்கள்.

போன மாதம் உங்கள் அம்மா காய்ச்சலில் படுத்திருந்தபோது, நான் முன்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வந்து நின்றதைப் பார்த்து, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று பயந்தீர்களே. ஒன்றும் ஆகவில்லை. மணி மூன்று ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவுக்கு இந்தக் கதை தெரியும். போர்வையை விலக்கி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காலையில இருந்த ஆளே தேவல" என்றாள்.