பதினேழாவது சாவு

"சார், நான் எதுக்குப் பதினேழாவதா சாகுறேன்?"

காலை ஏழு மணிக்கு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஜெபக்குமார் வாயிலிருந்த பற்பசை நுரையை அப்படியே விழுங்கிவிட்டார்.

கேட்டவர் சிவசாமி. ஒத்தப்புளிவிடுதித் திருவிழாக் கமிட்டித் தலைவர். அவர் கையில் 'உப்புக் கிணறு' நாவல். நடுவில் அடையாளத்துக்கு வைத்த கறம்பக்குடி பஸ் டிக்கெட் நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஜெபக்குமார் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர். குளியலறையில் பல்லி இருந்தால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள். அவர்தான் ஐந்து வருடத்துக்கு முன்னால் 'கூகையன்' என்ற புனைபெயரில் அந்தப் பேய் நாவலை எழுதியவர் என்றால் பல்லிகூட நம்பாது. அதன் முதல் அத்தியாயத்திலேயே ஒரு மனிதனைப் பலாப்பழம் உரிப்பதுபோல் உரிக்கிற இடம் வரும். கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுக்குள் எறிந்தார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலோடு வந்து திருப்பிக் கொடுத்தாராம்.

அந்த நாவல் இப்போது படமாகிறது. போன மாதம் ஒரு வாரப் பத்திரிகை கூகையனின் போட்டோவை ஊர்ப் பெயரோடு போட்டுத் தொலைத்தது. அன்றிலிருந்து ஜெபக்குமார் டீக்கடைக்குக்கூட ஹெல்மெட்டோடுதான் போய்வருகிறார்.

காரணம் இருந்தது. நாவலில் இருபத்து மூன்று பேரைக் கொல்ல வேண்டியிருந்தது. இருபத்து மூன்று பெயருக்கு எங்கே போவது? மேஜைமேல் ஊர்த் திருவிழா நோட்டீஸ் கிடந்தது. கண்ணில் பட்ட பெயரையெல்லாம் எடுத்துக் கொன்றுவிட்டார். இதை ஒருவரும் படிக்கப் போவதில்லை என்று அப்போது முழுமனதாக நம்பினார்.

"அண்ணே, அது சும்மா கற்பனை..."

"கற்பனையாவே இருந்துட்டுப் போகட்டும். நோட்டீஸ்ல என் பேரு எத்தனாவது?"

"மொதல்ல இருக்குண்ணே."

"புத்தகத்துல பதினேழு! அதுவும் எப்படி? கொல்லைக்குப் போன எடத்துல வழுக்கி விழுந்து. பேய் எங்கிட்ட வாரதுக்கு முன்னாடியே. மொத்தம் அரைப் பக்கம்!" சிவசாமி பஸ் டிக்கெட் வைத்த பக்கத்தைத் திறந்து காட்டினார். "மைக்செட்டு பிச்சைக்கு மொதச் சாவு. பதினாலு பக்கம். தோலு உரியுது, நரம்பு தனியா வருது, ஊரே நின்னு பாக்குது. அவனுக்கு ஏன் சார் இம்புட்டு மரியாத?"

அடிக்க வரவில்லை, வரிசை கேட்க வந்திருக்கிறார் என்று புரிந்ததும் ஜெபக்குமாருக்கு உயிர் வந்தது. உயிர் வந்த வேகத்தில் வாயும் வந்துவிட்டது.

"கவலைப்படாதீங்கண்ணே. படத்துல மாத்திரலாம். மொதச் சாவு ஒங்களுக்குத்தான்."

"தோலு உரியணும்."

"உரிச்சிரலாம்ணே."

உள்ளேயிருந்து ஷர்லி டீயோடு வந்தாள். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அந்த ஊரில் அவளிடம் ஊசி போட்டுக்கொள்ளாத கை கிடையாது. டம்ளரை சிவசாமியிடம் நீட்டிவிட்டு, கணவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஊர்ல எல்லாருக்கும் எழுதியிருக்காரு அண்ணே. தெருவுல திரியுற கருப்பு நாய்க்குக்கூட எட்டாம் அத்தியாயத்துல ஒரு சாவு. கட்டின பொண்டாட்டிக்குத்தான் ஒண்ணுமில்ல."

ஜெபக்குமாருக்கு வந்த உயிர் பாதி திரும்பிப் போனது.

ஏனென்றால் ஷர்லி அந்த நாவலில் இல்லாமல் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இருக்கிறாள்.

கிணற்றுக்காரி என்று ஒரு பேய். கொல்லுவதற்கு முன்னால் வீட்டுக்குள் வந்து அலமாரிமேல் ஒற்றை விரலால் தூசியைத் தடவிப் பார்க்கும். மூன்று முறை "த்ச்சு" கொட்டும். பிறகு ஆளின் பெயரை முன்னெழுத்தோடு சேர்த்துக் கூப்பிடும். அவ்வளவுதான், ஆள் முடிந்தான். இந்த மூன்றையும் ஜெபக்குமார் எங்கிருந்து எடுத்தார் என்று தெரிய அவர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உலகத்தில் எதற்கும் பயப்படாத ஒருத்தியை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்து அப்படி ஒருத்திதான் இருந்தாள். ஆனால் இதை எந்த மனைவியிடம் எந்த நேரத்தில் எப்படி எடுத்துச் சொல்வது? ஷர்லிக்குத் தெரிந்தால் இருபத்து நாலாவது சாவு எழுத ஆள் இருக்காது.

அன்று மதியமே ஜெபக்குமார் பள்ளி மரத்தடியில் நின்று, சென்னையிலிருந்த உதவி இயக்குநர் அருணாவுக்குப் போன் போட்டார். முதல் சாவை சிவசாமிக்கு மாற்ற வேண்டும் என்றார்.

"பேரு மாத்துறதுதானே, பண்ணிரலாம் சார். ஆனா ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மட்டும் கூப்பிடாதீங்க. ஹீரோயினுக்கு நடிப்பு கிளாஸ் ஓடுது."

பிரச்சினை தீர்ந்தது. மூன்று மணி நேரம் தீர்ந்தே இருந்தது.

சாயங்காலம் பிச்சை வந்தார். டாட்டா ஏஸில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாயோடு வந்தார். வாசலில் நிறுத்தி, மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு, அதிலேயே பேசினார்.

"வாத்தியார் சார் அவர்களே! எனக்கு எழுதிக் கொடுத்த சாவை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்தது எந்த ஊரு ஞாயம்?"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"பிச்சை, மைக்கைக் கீழ வைங்க."

"சிங்கப்பூர்ல இருக்க மச்சானுக்குச் சொல்லிட்டேன் சார். படம் பாக்க லீவு போட்டுட்டு வாரான். தியேட்டர்ல வந்து ஒக்காந்து, நான் உரியிறதப் பாக்காம, சிவசாமி உரியிறதையா பாப்பான்? எம் பொண்டாட்டி வீட்டுல எனக்கு என்ன மதிப்பு இருக்கும்?"

"ரெண்டு பேரையும் ஒண்ணா உரிச்சிரலாம்!" என்று கத்திவிட்டார் ஜெபக்குமார். "ஒரே கிணத்தடி. ஒரே நேரம். அங்கிட்டு அவரு, இங்கிட்டு நீங்க."

பிச்சை யோசித்தார். "வலப்பக்கம் யாரு?"

மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது வாசலில் பதினொரு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஒருவர் கிணற்றில் விழும்போது புது மோட்டார் சைக்கிளோடு விழ வேண்டும் என்றார். இன்னொருவர் தான் சாகாவிட்டாலும் பரவாயில்லை, தன் பங்காளிக்குக் கொடுத்திருக்கும் சாவைக் குறைக்க வேண்டும் என்று மனுவே எழுதிக்கொண்டு வந்திருந்தார். டீக்கடை உண்ணாமலை மட்டும் நியாயமாகப் பேசினார்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம் சார். குடலை உருவுறப்ப பின்னாடி கடை போர்டு தெளிவாத் தெரியணும். அவ்வளவுதான்."

எல்லோருக்கும் சரி என்றார். அருணாவை ஒரு நாளைக்கு எட்டு முறை கூப்பிட்டார். படத்தின் முதல் பத்து நிமிஷத்திலேயே பத்தொன்பது பேர் செத்தாக வேண்டியிருந்தது.

"சார், அப்புறம் இடைவேளை வரைக்கும் பேய் என்ன பண்ணும்?" என்று அருணா கேட்டாள்.

பேய் என்றதும் ஜெபக்குமார் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, அதுவும் ஒரு விஷயம். அந்தப் பேயை ஆம்பளையா மாத்த முடியுமா? மீசை வச்சு?"

"சார்!"

"சரி, அந்தத் தூசி தடவுறது மட்டும் வேணாம். 'த்ச்சு'வும் வேணாம்."

"டைரக்டர் படம் எடுக்குறதே அந்த 'த்ச்சு'வுக்காகத்தான் சார்."

வீட்டிலும் நிலைமை சரியில்லை. ஷர்லி பேச்சைக் குறைத்துவிட்டாள். தட்டை வைக்கிற சத்தத்திலிருந்தே அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தினமும் ஆறு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் இறங்கி வந்தாள். மணமேல்குடியில் இருக்கும் அக்காளிடம் தன்னைப் பற்றிச் சொல்லி அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் படிக்கட்டில் பாதி ஏறி நின்று காது கொடுத்தார். மேலேயிருந்து மூன்று முறை "த்ச்சு, த்ச்சு, த்ச்சு" கேட்டது. ஏறியதைவிட வேகமாக இறங்கிவிட்டார்.

ஊரிலோ சண்டை முற்றிவிட்டது. சிவசாமி ஆட்களும் பிச்சை ஆட்களும் ஒரே கடையில் டீ குடிப்பதை நிறுத்தினார்கள். யார் வலப்பக்கம் உரிவது என்று தெரியாமல் இந்த வருடத் திருவிழா நோட்டீஸ் அடிக்கப்போவதில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. உண்ணாமலைக்கு வியாபாரம் பாதியானது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஜெபக்குமாரை நடுவில் உட்கார வைத்தார்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார்.

"வாத்தியார் வாயால சொல்லணும்," என்றார் சிவசாமி. "மொதச் சாவு யாருக்கு?"

"சொல்லிட்டு எந்திரிங்க சார்," என்றார் பிச்சை.

இரண்டு பக்கமும் பார்த்தார். எந்தப் பெயரைச் சொன்னாலும் மறுபக்கம் கொல்லும். அந்த நெருக்கடியில்தான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஊரும் அடங்கும், வீடும் அடங்கும். பேய்க்கும் ஷர்லிக்கும் சம்பந்தமே இல்லை என்றும் ஆகிவிடும். செத்தவள்தானே பேயாவாள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பேய் நாவல் எழுதியவருக்கே தோன்றவில்லை.

"மொதச் சாவு எங்க வீட்டு ஷர்லிக்கு!"

சிவசாமி தொண்டையைக் கனைத்தார்.

"சிஸ்டருக்குன்னா நான் விட்டுக் கொடுக்குறேன். கொரோனா நேரத்துல வீடு வீடா வந்தது அந்தம்மாதான்."

"எம் புள்ளைக்குத் தடுப்பூசியெல்லாம் அவங்கதான போட்டாங்க," என்றார் பிச்சை. "சிஸ்டர் செத்தா எனக்குச் சந்தோஷம்தான்."

ஒருமனதாக முடிவாயிற்று. கைதட்டல்கூட எழுந்தது. ஜெபக்குமார் ஹெல்மெட் போடாமல் வீட்டுக்கு நடந்தார். வழியில் அரை முழம் மல்லிகைப்பூ வாங்கினார்.

ஷர்லி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஷர்லி, ஒனக்கு ஒரு நல்ல சேதி. படத்துல மொதச் சாவே ஒனக்குத்தான். ஊரே சம்மதிச்சிருச்சு!"

அவள் துணியைக் கீழே வைத்தாள். அலமாரியின் மேல்தட்டில் ஒற்றை விரலை வைத்து இழுத்தாள். விரலைப் பார்த்தாள்.

"எஸ். ஜெபக்குமார்."

அவர் அவசரமாகப் பூவை நீட்டினார்.

"எனக்குச் சாவு வேணாம்," என்றாள். "நான் சாகுற ஆளு மாதிரியா தெரியுறேன்?"

ஆனால் பூவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். அது மன்னிப்பா, வாய்தாவா என்று ஜெபக்குமாருக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து அவர் தினமும் விடியற்காலையில் எழுந்து, சத்தமில்லாமல் வீட்டிலுள்ள எல்லா அலமாரிகளையும் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டீசர் வெளியானது. ஊர்ப் பெயர்தான் படத்திலும் என்பதால் ஒத்தப்புளிவிடுதித் திடலிலேயே முதலில் திரையிடுவது என்று படக் கம்பெனி முடிவு செய்திருந்தது. பிச்சையின் மைக்செட், பிச்சையின் திரை. சிவசாமிக்கு முன்வரிசை நடு நாற்காலி. சாயங்காலம் ஆறரைக்கே திடலில் இடமில்லை. மைசூர்பாகு கொடுத்தார்கள். எல்லோரும் தங்கள் சாவைப் பார்க்கப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஜெபக்குமார் ஷர்லியின் பக்கத்தில் உட்கார்ந்து, மனதுக்குள் ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆண்டவரே, மீசை வைத்திருக்க வேண்டும்.

திரை இருண்டது. ஒரு வீடு. காற்று. கதவு தானாகத் திறந்தது. வெள்ளைப் புடவை கட்டிய உருவம் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைத்து நடந்து வந்தது. ஷர்லி காலில் நரம்பு சுருண்டு கட்டுப் போட்ட நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறாள். நாவலில் அது கிடையாது.

உருவம் அலமாரிமேல் ஒற்றை விரலை வைத்து இழுத்தது. விரலைப் பார்த்தது.

"த்ச்சு. த்ச்சு. த்ச்சு."

திடலில் ஒரு குழந்தை வீறிட்டது. "அம்மா, ஊசி சிஸ்டர்!"

"எஸ். ஜெபக்குமார்," என்றது திரை.

டீசர் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் சிவசாமி மெதுவாகத் திரும்பினார். மைக்செட்டுக்குப் பக்கத்தில் பிச்சை திரும்பினார். உண்ணாமலை திரும்பினார். ஒத்தப்புளிவிடுதி மொத்தமும் திரும்பி ஷர்லியைப் பார்த்தது. பிறகு, இரக்கத்தோடு, ஜெபக்குமாரைப் பார்த்தது.

"ஷர்லி," என்றார் அவர். "நான் சொல்லிரணும்னுதான் இருந்தேன். எனக்குத் தெரிஞ்சு பயமே இல்லாத ஆளு நீ ஒருத்திதான். அதான் ஒன்னைய வச்சு..."

ஷர்லி கைகளைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ பிடிக்காதவள்போல் முகத்தைச் சுளித்திருந்தாள். ஜெபக்குமார் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரு பெண் ஓடிவந்தாள். அருணா. ஜெபக்குமார் அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "அருணாம்மா..." என்று எழுந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய் ஷர்லிக்கு முன்னால் கைகட்டி நின்றாள்.

"ஸாரி மேடம், நடை பிடிச்சிட்டா, ஆனா நீங்க சொல்லிக்கொடுத்த கோவம் அந்த மூணாவது 'த்ச்சு'ல இன்னும் வரலைன்னு டைரக்டரே ஒத்துக்கிட்டாரு, நாளைக்கு ஆறு மணிக்கு வழக்கம்போல மொட்டைமாடியிலேருந்து போன்ல ஹீரோயினுக்கு இன்னொரு கிளாஸ் எடுக்க முடியுமான்னு கேட்டாரு."