கோன் அண்ணையின் காயப் புத்தகம்

ரொறன்ரோ முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் கோன் அண்ணையைப் போலப் பயந்த மனிதர் இன்னொருவர் அகப்படமாட்டார். மிசிசாகாவில் இருக்கும் எங்கள் நில அளவைக் கம்பனியில் அவர்தான் பாதுகாப்புப் பொறுப்பு. வீதியில் நின்று அளக்கும்போது வாகனங்களை விலக்க வைக்கிற செம்மஞ்சள் கூம்புகளை, அந்தக் கோன்களை, சப்பாத்து நாடா கட்டக் குனிந்தாலும் தன்னைச் சுற்றி வைப்பார் என்று கதை. அது பொய். இரண்டே இரண்டு கோன்தான், அதுவும் முதுகுப் பக்கம் மட்டும்.

ஒரு கலியாண வீட்டில் பாயசம் சிந்திய இடத்தில், காரிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் அதையும் சேர்த்துத்தான் வலம் வந்தார்கள்.

கோனை விடப் பெரிய தலையிடி அவருடைய காயப் புத்தகம். கடதாசி விரலை வெட்டியது, கோப்பி நாக்கைச் சுட்டது, கதிரை உருண்டு முழங்காலில் இடித்தது எல்லாம் அதில் ஏறும். மனேஜர் தலையில் கைவைத்தார். நாங்கள் மேசையில் இருந்து செய்யும் படித்த தொழிலாம், எங்கள் துறையில் விபத்தே குறைவாம், இந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் சுரங்கம் தோண்டுகிறோமா என்று தலைமைக் கந்தோரில் கேட்கிறார்களாம்.

அண்ணை அசையவில்லை. "மேசையில இருக்கிறவைக்குக் குறைவுதான். றோட்டில நிக்கிற எங்களையும் அவையோட சேத்தெல்லோ எண்ணுகினம்," என்றார்.

நான் நாற்பது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். அதற்குள் ஒரு பிழை விட்டால் வேலை போய்விடும், வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அண்ணையைப் பகிடி பண்ணுவதில் நான்தான் முன்னுக்கு நின்றேன். உண்மையைச் சொன்னால், லொறி ஒன்று முதுகை உரசுகிற மாதிரிப் போகும் ஒவ்வொரு முறையும் நான் பயந்து சாவேன். அதை மறைக்கத்தான் அவ்வளவு சிரிப்பும்.

ஒரு ஜனவரிக் காலை, யூனியன்வில் பக்கம் வேலை. அண்ணை பத்துக் கோன் வைக்கச் சொன்னார். விரல்கள் விறைத்துவிட்டன. ஐந்து நிமிட வேலைதானே என்று ஆறோடு நிறுத்திவிட்டு வந்தேன். அளவைக் கருவியின் முக்காலியைப் பூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வாய்க்குள் எண்ணினார். மிச்சம் நாலையும் எங்கள் வேனிலிருந்து எடுத்துக்கொண்டு வாகனங்கள் வரும் திசையில் நடந்தார்.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. ஐஸில் வழுக்கி, பக்கவாட்டாக, சத்தமே இல்லாமல். அவரைக் கூப்பிட நான் வாயைத் திறப்பதற்குள் கோன்கள் ஒவ்வொன்றாகப் பறந்தன. கார் பனிக்குவியலில் முட்டி நின்றது. அண்ணை நின்ற இடத்தில் அண்ணை இல்லை. அவருடைய மனைவிக்கு என்ன சொல்லப்போகிறேன் என்ற ஒரு நினைப்புத்தான் இருந்தது. அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அறிந்ததில்லை.

வீதியோரப் பள்ளத்திலிருந்து ஒரு கோன் மெல்ல எழும்பியது. அதைப் பிடித்த கை அடுத்து வந்தது. "ஆரும் கிட்ட வராதேங்கோ, இஞ்ச வழுக்குது," என்றார் அண்ணை. மற்றக் கையின் மணிக்கட்டு முறிந்து தொங்கியது.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு வந்து காயப் புத்தகத்தில் எழுதினார். சுட்ட நாக்கையே விடாத மனிதர் என்னை விடுவாரா? வேலை போய்விட்டது என்றே நினைத்தேன், போவதும் நியாயம்தான். அவர் எழும்பிப் போனதும் திறந்து பார்த்தேன். 'கார் வழுக்கி வந்தது. பத்துக் கோனும் வைக்கப்பட்டிருந்தன.'

ஓடிப்போய் அவரை மறித்தேன். "அண்ணை, நான் ஆறுதான் வைச்சனான்."

"தெரியும், எண்ணினனான்தானே. நாளைக்கு எத்தினை வைப்பீர்?"

"பத்து."

"அது போதும்," என்று சொல்லிவிட்டுக் கோப்பி எடுக்கப் போனார்.

அண்ணை இப்போது ஓய்வில் இருக்கிறார். புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது. அத்தனை வருடத்தில் அவர் எழுதிய ஒரே பொய் அதில் அப்படியே இருக்கிறது, திருத்த எனக்கு மனம் வரவில்லை. வீதியில் நான் பதினொரு கோன் வைக்கிறேன். புதிதாக வந்தவர்கள் எனக்குப் பின்னால் என்னையும் கோன் அண்ணை என்கிறார்களாம். கேட்கச் சந்தோசமாகத்தான் இருக்கிறது.